ஆழத்துக் கப்பலும் கரையில் எழுதிய எண்ணும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரையில் சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் காற்று உருளையைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறையைக் கற்று, கடலடியில் கிடக்கும் கப்பல்களைப் பார்த்து வருபவன் நான். அத்தகைய கப்பல்களுக்குப் போக விரும்பும் நம் பகுதியின் அனுபவமுள்ள குளியாளிகளிடம் நான் வலியுறுத்துவது காற்றுக் கணக்கைத்தான்.

நம் வடகடலாகிய பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அங்கே ஆயிரம் முறை மூழ்கி எழுந்தவரும் 50 மீட்டருக்குப் புதியவரே. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 50 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சுக்கு மேலே ஆறு மூச்சுக்கான காற்று செலவாகிறது. 12 லிட்டர் உருளையில் 200 பார், அதாவது ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருப்பது 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு மேலே இரண்டு மணி நேரம் வரக்கூடிய அந்தக் காற்று, அங்கே 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். போவதற்கு ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று அதைப் பிரித்தால், உள்ளே போகக் கிடைப்பது ஏழு நிமிடம்கூட இல்லை. இறங்கும் செலவும், ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும்படி நின்று நின்று ஏறும் செலவும் இதில் சேரவில்லை. ஆகவே ஒற்றை உருளையோடு அந்த ஆழத்துக்குப் போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

சங்கு குளிப்பவருக்கு மூச்சை அடக்குவது உடம்பில் ஊறிய பழக்கம். ஸ்கூபாவில் அதுவே உயிருக்கு ஆபத்து. 10 மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று, மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். இந்தப் பழக்கத்தை விட எனக்கு நெடுநாளாயிற்று.

கப்பலின் உள்ளறைகளில் படிந்திருக்கும் துருவும் வண்டலும், துடுப்புக் காலை ஒருமுறை கீழ்நோக்கி அடித்தாலே அடுப்புச் சாம்பலைக் கிளறியதுபோல் எழும்பி, கையிலிருக்கும் விளக்கையே மறைத்துவிடும். வாசலில் கட்டி, விட்டுக்கொண்டே போன கயிறு ஒன்றுதான் அப்போது வழிகாட்டும். வெளிப்புறத்தில் சிக்கிக் கிடக்கும் தங்கூசி வலையோ, நம் கண்ணுக்குத் தெரியாத பிடரிப் பக்கத்து வால்வில் மாட்டிக்கொள்ளக்கூடும். அதை அறுக்கத் துணைவர் அருகில் இருந்தாக வேண்டும்.

ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கத்தை நான் கண்டதும் ஹெர்மிஸில்தான். இரட்டை உருளையோடு, அந்த மயக்கத்தைக் குறைக்கும் ஹீலியம் கலக்காத சாதாரணக் காற்றிலேயே அன்று இறங்கியிருந்தேன்; இன்று அப்படிச் செய்ய மாட்டேன். உருளையின் காற்றழுத்தம் காட்டும் அளவுமானியை இரண்டு முறை பார்த்தேன். முள் தெரிந்தது, ஆனால் அது காட்டும் எண்ணின் பொருள் மனத்தில் ஏறவில்லை. பயமும் இல்லை, இனம்புரியாத நிம்மதியே இருந்தது. துணைவர் என் மணிக்கட்டுப் பலகையைத் தட்டினார். திரும்ப வேண்டிய அளவு 140 பார் என்று கரையிலேயே அதில் எழுதியிருந்தேன். முள் 130இல் நின்றது. ஆறு மீட்டரில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோதுதான் அந்த வேறுபாடு எனக்கு உறைத்தது.

இப்போது என்னோடு வருபவர்கள் தங்கள் எண்ணைத் துணைவரின் பலகையிலும் எழுதிய பிறகே படகேறுகிறார்கள்.