ஏளனத்தைச் சுமந்த வீரன்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"சோக வீரன் லான்சலாட்டை அனிமேஷன் நகைச்சுவை வாழவைத்ததா, வீழ்த்தியதா?" வீழ்த்தியது என்று பேச வந்திருக்கிறேன். லான்சலாட், ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் வீரன், அந்த மன்னனின் மனைவி கினிவீரையே காதலித்தவன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், 2007இல் வந்த ஷ்ரெக் அனிமேஷன் படத்தின் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டார். அதில் லான்சலாட் ஒரு பள்ளிக்கூட மாணவன். "குழந்தைகள் சிரித்துக்கொண்டே அவன் பெயரைத் தெரிந்துகொள்கிறார்களே, இதில் என்ன குறை?" என்று கேட்டார்.

சிரிப்பில் குறையே இல்லை. லான்சலாட்டைப் பார்த்து ஊர் சிரிப்பது அவன் பழைய கதையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 1180இல் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியான் த த்ருவா அவனைத் தலைவனாக்கிப் பாடிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசி கினிவீரைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். தேடிப் போகிறவனுக்குக் குதிரை இல்லை. எதிரே ஒரு குள்ளன் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான். திருடனையும் கொலைகாரனையும் ஏற்றி ஊர்வலம் விடுகிற வண்டி அது. ஏறினால் மானம் போச்சு. "ஏறு, நாளைக்குள் அரசியைப் பற்றித் தெரியும்" என்கிறான் குள்ளன். லான்சலாட் இரண்டே இரண்டு அடி தயங்குகிறான், அப்புறம் ஏறிவிடுகிறான். கூட வந்த இன்னொரு வீரன் கவெய்ன் ஏற மாட்டேன் என்று குதிரையிலேயே வருகிறான். ஊருக்குள் நுழைந்ததும் சின்னவர் பெரியவர் எல்லாரும் கத்துகிறார்கள். இவனைத் தோலுரிக்கப் போகிறார்களா, தூக்கில் போடப் போகிறார்களா என்று கேட்கிறார்கள்.

அத்தனையும் தாங்கி, கூரிய வாளாலான பாலத்தை வெறுங்கையோடும் வெறுங்காலோடும் கடந்து, ரத்தம் சொட்ட அவன் போய் நின்றால், கினிவீர் முகம் கொடுக்கவில்லை. காரணம், அந்த இரண்டு அடித் தயக்கம்! பின்னால் ஒரு போட்டியில் "மோசமாகச் சண்டையிடு" என்று அவள் சொல்லி அனுப்புகிறாள். அத்தனை பேர் முன்னிலையில் கோழையைப் போல் ஓடுகிறான். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. எல்லாரையும் வெல்லக்கூடியவன், அவள் ஒரு சொல்லுக்காக அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்கிறான்.

நடுவர் அவர்களே, இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். பள்ளி மைதானத்தில் குதிரைமேல் ஈட்டிச் சண்டை. ஆர்ட்டி என்கிற சிறுவன் ஆர்தரைக் கீழே தள்ளிவிட்டு நிற்கிறான் லான்சலாட். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட பையன் அரசனாகிறான் என்பது நல்ல கதைதான், ஆர்தருக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு முரடன் தேவைப்பட்டபோது, யார் கையில் அந்த வேலையைக் கொடுத்தார்கள்? ஏளனத்தை வாங்கிக்கொண்டவனை, ஏளனம் செய்கிற கூட்டத்தின் தலைவனாக்கிவிட்டார்கள். என் வழக்கே இதுதான்.

அவன் குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. ஆர்தர் கதைகளைத் தொகுத்த ஆங்கில எழுத்தாளர் மாலரியின், 1485இல் அச்சேறிய நூலில், எரித்துக் கொல்லப்படவிருந்த கினிவீரை மீட்கப் பாய்ந்தபோது, ஆயுதமில்லாமல் நின்ற கேரத் என்னும் வீரனை அடையாளம் தெரியாமல் வெட்டிவிடுகிறான். கேரத்துக்கு வீரப்பட்டம் சூட்டியவனே இவன்தான். கேரத்தின் அண்ணன் கவெய்ன் பகைவனாகிறான், அரசு இரண்டாக உடைகிறது. கடைசியில் லான்சலாட் துறவியாகிச் சாகிறான். அந்த மனிதனின் பெயரை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, வாழவைத்தோம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, எதிரணிக்கு ஒரு வேண்டுகோள். அந்த வண்டியையும் குள்ளனையும் இரண்டு அடித் தயக்கத்தையும் அனிமேஷனில் எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை முதலில் சிரிக்கும், கினிவீர் முகத்தைத் திருப்பும்போது சிரிப்பை நிறுத்தும். அப்படி ஒரு படம் வரட்டும், நானே எழுந்துவந்து அவர்கள் பக்கம் உட்காருகிறேன்.

நன்றி, வணக்கம்.