வெள்ளமில்ல

வணக்கம் நேயர்களே. நான் வேளச்சேரிக்காரி, வீட்டு வேலைதான் என் வேலை, ஒரு வருஷமா மலையாளம் படிச்சிட்டிருக்கேன். என் மருமக கேரளாவுல சாலக்குடிப் பொண்ணு, அவ தமிழ் நல்லாவே பேசுவா, ஆனா அவங்கம்மாவுக்குத் தமிழ் வராது, கல்யாணத்தன்னிக்கு சம்பந்திங்க நாங்க ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே நின்னோம், அவ்ளோதான், அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

போன ஐப்பசியில ஒரு நாள், விடியறப்பவே அடைமழை. எங்க ஏரியாவுல மழைன்னா முதல்ல கரண்ட் போறதுக்குள்ள மோட்டார் போட்டு மேல் டேங்க்க ரொப்பிடணும், அத முடிச்சேன். ராத்திரி அரைச்ச மாவு குளிருக்குப் பொங்கவே இல்ல, சரின்னு தோசையா ஊத்திட்டேன். முந்தாநாள் துவைச்ச துணி ஹால் கொடியில அப்படியே ஈர வாடையோட தொங்குது. பத்து மணிக்கு கரண்ட் போச்சு. நோட்ட எடுத்துக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்துட்டேன்.

மலையாளத்துல எனக்குப் பிடிச்சது அந்த வினைச்சொல்தான். நாம வந்தேன், வந்தான், வந்தாள்னு ஆளுக்கு ஒண்ணா மாத்துறோம்ல, அங்க யாரு வந்தாலும் ‘வந்நு’தான். மழை ‘மழ’, அதே ழ. ஐப்பசி அவங்களுக்குத் துலாம், அதனால இந்த மழைக்குத் துலாவர்ஷம்னு பேரு, எவ்ளோ அழகா இருக்கு பாருங்க.

சாயங்காலம் சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. ‘சேச்சி, அவிடெ மழயாணோ?’ அக்கா, அங்க மழையான்னு கேக்குறாங்க. தெருவ எட்டிப் பாத்தேன், எங்கயும் தண்ணி நிக்கல, சந்தோஷமா ‘வெள்ளமில்ல’ன்னேன். அவங்க பதறிட்டாங்க, ‘அய்யோ, குடிக்கான் வெள்ளமில்லே?’ எனக்கு வெள்ளம்னா 2015 டிசம்பர், சாமானெல்லாம் கட்டில் மேல ஏத்தி வச்சுட்டு நாங்க மாடிக்கு ஓடினது. அவங்களுக்கு வெள்ளம்னா டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறது. யோசிச்சு யோசிச்சு ‘குடிக்கான் வெள்ளம் உண்டு, ரோடில் வெள்ளம் இல்ல’ன்னேன், புரிஞ்சுடுச்சு அவங்களுக்கு.

அப்புறம் அவங்க சொல்ல ஆரம்பிச்சாங்க, 2018 ஆகஸ்ட்ல சாலக்குடிப் புழ, அதாவது ஆறு, பெருகி அவங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துச்சாம், அரிசி, துணி, அவங்க கல்யாண போட்டோ எல்லாம் போயிடுச்சாம். மருமக இத எங்கிட்ட சொன்னதே இல்ல. எல்லா வார்த்தையும் எனக்குப் பிடிபடல, புரியாத எடத்துல ‘ஒண்ணுகூடி பறயூ’ன்னேன், அவங்களும் பொறுமையா திருப்பிச் சொன்னாங்க. என் போன்ல சார்ஜ் தீர்ற வரைக்கும் பேசினோம்.