கேட்டைத் திறந்து கதையை மூடினார்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் பனியிலும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, ‘சிக்கலான உறவுகளைப் பழைய படங்கள் துணிந்து பேசினவா, தொட்டுவிட்டு நழுவினவா?’ ‘துணிந்து பேசின’ என்று எதிரணி அண்ணன் இருபது நிமிஷம் பேசினார். நன்றாகத்தான் பேசினார், நானே இரண்டு இடத்தில் கை தட்டினேன். ஆனால் அவர் சொன்னதெல்லாம் இடைவேளை வரைக்குமான கதை. கவனித்தீர்களா? ஒரு படத்திலாவது கடைசி ரீலுக்குப் போனாரா? போகமாட்டார். போனால் எங்கள் அணியில் நாற்காலி போட வேண்டியிருக்கும்.

அவர் முதலில் எடுத்ததையே நானும் எடுக்கிறேன். 1975, பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’. பிரசன்னாவாகக் கமல்ஹாசன், பைரவியாக ஸ்ரீவித்யா. பைரவி பாடகி, அவனைவிட வயதில் மூத்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பருவ வயதில் மகள் இருப்பவள். அவளைப் பிரசன்னா காதலிக்கிறான். அங்கே அவள் மகள் ரஞ்சனி, மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள். அவர் யார் என்றால் பிரசன்னாவின் அப்பா, மேஜர் சுந்தரராஜன். இப்போது யார் யாருக்கு என்ன முறை? பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது?

இந்தப் புதிர் புதிதில்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கிற கடைசிக் கேள்வியே இதுதான். ஓர் அப்பாவும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதம் எனக்கு, சின்னப் பாதம் உனக்கு என்று பேசிவைத்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் அம்மாவுடையது. பேச்சு பேச்சுதான் என்று அப்படியே கல்யாணம் நடக்கிறது. பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? எல்லாக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொன்ன ராஜா இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கதையில் அந்த இரண்டு கல்யாணமும் நடந்துவிட்டது, ஐயா. எந்தக் காலத்துக் கதை! அதில் நடத்திக் காட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்டார்கள். நம் படத்தில் என்ன நடந்தது? ஒரு கேட் திறந்தது.

எல்லாருக்கும் அந்தக் காட்சி தெரியும். ரஜினிகாந்த் என்ற நடிகரின் முதல் படம். தாடியும் பழைய கோட்டுமாக ஒருவர் இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளித் திறக்கிறார். திரையில் ‘சுருதி பேதம்’ என்று, அதாவது சுதி மாறிப்போச்சு என்று, எழுத்து வேறு விழுகிறது. வந்தவர் பைரவியின் புருஷன். ரஜினி ரசிகர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. உங்களுக்கு அது தலைவர் வந்த கேட். பிரசன்னாவுக்கும் பைரவிக்கும் அது மூடின கேட்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் வீடே உட்கார்ந்திருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசற்படியில். கேட் திறந்ததும் என் பாட்டி பெருமூச்சு விட்டுவிட்டு, “அப்பாடா, புருஷன்காரன் வந்துட்டான்” என்றாள். அதுவரை அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இரண்டு மணி நேரமாக முள்மேல் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். அத்தையும் அங்கேதான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதில் புருஷன் விட்டுவிட்டுப் போனதால் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். “பாலைப் பார்த்துட்டு வரேன்” என்று எழுந்து உள்ளே போனாள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் பாலே கிடையாது.

சரி, புருஷன் வந்துவிட்டான், கதை சிக்கலாகிறது, அது இயக்குநரின் உரிமை என்று எதிரணித் தங்கை சொல்லலாம். மேலே கேளுங்கள். வந்தவருக்கு ரத்தப் புற்றுநோய். கடைசியில் அவர் இறந்தும் போகிறார். இடைஞ்சலாக வந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பைரவி இப்போது விதவை. விதவை மறுமணத்துக்கு இந்த நாட்டில் சட்டம் வந்தது 1856-இல். படம் வருவதற்கு 119 வருஷம் முன்னால்! அப்புறம் என்ன தடை? ஆனாலும் பிரசன்னா அப்பாவிடம் போகிறான், ரஞ்சனி அம்மாவிடம் போகிறாள். மேடையில் அம்மாவும் மகளும் ‘கேள்வியின் நாயகனே’ என்று அருமையாகப் பாடுகிறார்கள். பாட்டில் குறையே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தால், போட்ட முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றையே வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. திரையில் அவள் மூத்தவள், அவன் சின்னவன். நிஜத்தில் ஸ்ரீவித்யா பிறந்தது 1953, கமல் பிறந்தது 1954. ஏறக்குறைய ஒன்றேகால் வயது வித்தியாசம்! இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வயதுக்கு வந்த மகளைக் கொடுத்து, மூத்தவளாக ஒப்பனை போட்டுவிட்டால் சமூகத்தையே புரட்டிவிட்டோம் என்று அர்த்தமா? அப்படி ஒப்பனையில் மட்டும் மூத்தவளாக இருந்தவளையே சேர்த்துவைக்க மனசு வரவில்லை.

அடுத்த வருஷமே, 1976-இல், அதே இயக்குநரின் ‘மூன்று முடிச்சு’. அதில் ஒரு சின்னப் பெண், தன்னைத் தொல்லை செய்தவனின் அப்பாவையே கட்டிக்கொண்டு அவனுக்குச் சித்தியாகிறாள். அந்தக் கல்யாணம் மட்டும் நடந்தது! எந்தக் கேட்டும் திறக்கவில்லை, யாருக்கும் புற்றுநோய் வரவில்லை. நடித்த ஸ்ரீதேவிக்கு அப்போது பதின்மூன்று வயது. கிழவருக்குக் குமரி என்றால் தாலி, மூத்தவளுக்கு இளைஞன் என்றால் ‘சுருதி பேதம்’. எந்த உறவில் யாருக்குக் கதவு திறக்கும் என்பதை அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நான் பேசவே வேண்டாம்.

இனி ‘அந்த 7 நாட்கள்’. 1981. பாக்யராஜ் படம். எனக்கு ரொம்பப் பிடித்த படம், அதை மறைக்க மாட்டேன். பாலக்காட்டு மாதவனும் அவன் ஆர்மோனியமும் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். வசந்தி மாதவனைக் காதலிக்கிறாள், டாக்டர் ஆனந்துக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். முதலிரவிலேயே அவள் சாகத் துணிகிறாள். டாக்டர் நல்ல மனிதர். சாகக் கிடக்கும் தன் அம்மாவுக்காக ஒரு வாரம் மனைவியாக இரு, அதற்கப்புறம் உன் காதலனிடமே சேர்த்துவைக்கிறேன் என்கிறார். பாருங்கள், எவ்வளவு பெரிய விஷயம்! புருஷனே சொல்கிறார். தமிழ்ப் படத்தில் இப்படி ஒரு புருஷனை உட்காரவைத்ததற்கு எழுந்து நின்று கை தட்டலாம்.

கடைசிக் காட்சி. வீட்டுக்குள் இரண்டு ஆண்கள் பேசுகிறார்கள். டாக்டர் கொடுக்கிறேன் என்கிறார். மாதவன், அந்தத் தாலியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள் என்கிறான். டாக்டர் கை நீட்டுகிறார், வசந்தி கழற்ற விடவில்லை. பார்த்தீர்களா, என் காதலி உங்களுக்கு மனைவியாகலாம், உங்கள் மனைவி எனக்குக் காதலியாக முடியாது என்ற பொருளில் ஒரு வசனம். தியேட்டரில் கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆகியிருக்கும். மாதவன் ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

அந்தக் கைதட்டல் சத்தத்தில் ஒன்று யாருக்கும் கேட்கவில்லை. “வசந்தி, உனக்கு என்ன வேணும்?” என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டது தாலியை. பதில் சொன்னதும் தாலிதான்.

எதிரணி அண்ணன், “காலம் அப்படி, வேறு என்ன செய்ய முடியும்?” என்றார். அண்ணே, அந்தக் காலத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். தாலி இல்லாமல் மாலை மாற்றினாலே, மோதிரம் மாற்றினாலே கல்யாணம் செல்லும் என்று இந்தத் தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவந்தது அண்ணா ஆட்சி, 1967-இல். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிவதற்கு இந்துத் திருமணச் சட்டத்தில் வழி வந்தது 1976-இல். ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட வேண்டும், அலைச்சல்தான், ஆனால் வழி இருந்தது. டாக்டருக்குச் சம்மதம், வசந்திக்கும் காதல் இருந்தது. இருந்தும் சட்டம் அவிழ்த்துவிட்ட முடிச்சைப் படம் இறுக்கிப் போட்டது. காலம் முன்னால் போய்க்கொண்டிருந்தது ஐயா, காமிராதான் பின்னால் நின்றது.

சென்சார் விடாது, ஜனங்கள் திரையைக் கிழித்துவிடுவார்கள் என்றும் சொல்வார்கள். அப்படியானால் 1954-க்கு வாருங்கள். ‘ரத்தக்கண்ணீர்’, எம்.ஆர். ராதா. தொழுநோய் வந்து, எல்லாம் இழந்து நிற்கிற மோகனசுந்தரம், தான் உயிரோடு இருக்கும்போதே தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்குச் சேர்த்துவைக்கிறான். யாரும் தியேட்டரைக் கொளுத்தவில்லை. ராதா அந்தக் கதையை நாடகமாக ஊர் ஊராகப் போட்டபோதும் ஜனங்கள் காசு கொடுத்துத்தான் பார்த்தார்கள். இந்தப் படத்தை எதிரணி எங்கள்மேல் எறிவார்கள் என்று தெரியும், அதனால்தான் நானே எடுத்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், அது துணிச்சல். அங்கேயும் சந்திராவைக் கேட்டார்களா என்றால் சரியாகக் கேட்கவில்லை, கைமாற்றிவிட்டது மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் முடிவுவரை போனார்கள். 1954-இல் முடிந்தது 1975-இல் ஏன் முடியவில்லை? ‘அலைகள் ஓய்வதில்லை’யையும் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். பையன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் 1981-தான். தாலி ஒரு படத்தில் கழற்ற முடியாததாக இருந்த அதே வருஷம் பூணூல் இன்னொரு படத்தில் கழன்றது. ஆக ஜனங்கள் பார்க்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

எடுத்தவர்களுக்குத்தான் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, 1962. நான் செத்தால் உன் பழைய காதலனான டாக்டரையே கட்டிக்கொள் என்று நோயாளிப் புருஷன் சொல்கிறான், அவள் ‘சொன்னது நீதானா’ என்று பாடுகிறாள், கடைசியில் புருஷன் பிழைத்து டாக்டர் சாகிறார். ‘முதல் மரியாதை’யில் கல்யாணமான ஊர்ப் பெரியவர் மலைச்சாமியும் சாகிறார், அவர் மனசு வைத்த குயிலும் சாகிறாள். இந்தக் கணக்கை நீட்டிக்கொண்டே போகலாம், நடுவர் ஐயா கை மணிக்குப் போகிறது.

அதனால் பாலசந்தரின் ‘சிந்து பைரவி’க்கு வந்துவிடுகிறேன். 1985. சுஹாசினிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ஜே.கே.பி. பெரிய வித்வான். வீட்டில் மனைவி பைரவி, சங்கீதம் தெரியாதவள், குழந்தையும் இல்லை. வெளியே சிந்து, சங்கீதத்தோடு பிறந்தவள். அவர் வழுக்கினார். குடித்தார். குடிக்காக ‘தண்ணித் தொட்டி தேடி வந்த கன்னுக்குட்டி நான்’ என்று பாடினார். பாருங்கள், ஆண் விழுந்தால் அதற்கும் இளையராஜா மெட்டு உண்டு! தெருவில் நின்று பாடினாலும் நாம் தாளம் போடுகிறோம். அவரைத் தூக்கிவிட, திருத்த, திரும்ப மேடையில் உட்காரவைக்க ஆள் இருந்தார்கள்.

சிந்து என்ன ஆனாள்? பெற்ற குழந்தையைக் கொண்டுவந்து பைரவியின் கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போனாள். அவர் கச்சேரிக்குத் திரும்பினார், பைரவிக்குப் பிள்ளை கிடைத்தது. இரண்டு பேர் செய்த தப்புக்கு ஒருத்தி மட்டும் பில் கட்டினாள். அதுவும் பெற்ற பிள்ளையையே விலையாகக் கொடுத்து. இதை ‘தியாகம்’ என்று எதிரணித் தங்கை கண் கலங்கிச் சொன்னார். தங்கையே, குழந்தையைக் கொடுத்த மார்பில் பால் கட்டிக்கொண்டு எரியும். இரண்டு பிள்ளை பெற்ற என் வீட்டுக்காரிதான் இந்தப் படம் பார்க்கும்போது சொன்னாள், எனக்கு அதுவரை தோன்றவில்லை. காமிராவுக்கும் தோன்றவில்லை. பாலசந்தருக்கே மனசு கேட்காமல்தானோ என்னவோ, பல வருஷம் கழித்து அந்தக் கதையின் தொடர்ச்சியைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிஷம் ஐயா, அத்தை கதை பாக்கி இருக்கிறது.

அன்றைக்குப் படம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அத்தை உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “கடைசியில என்னடா ஆச்சு?” என்று கேட்டாள். எனக்குப் பதினோரு வயது இருக்கும். தெரிந்ததைச் சொன்னேன், “எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க அத்தை.”

அத்தை கொஞ்ச நேரம் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அதுக்கு எதுக்குடா ரெண்டரை மணி நேரம்?” என்றாள்.