சங்கீதம் பாட்டாகும்போது: எடுத்துக்கொள்ளும் வசனமும் விட்டுவிடும் வசனமும்

[திரையில்: தருமபுரி அருகே ஒரு மானாவாரிக் கொல்லை, தொலைவில் தேவாலயக் கோபுரம்]

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தேவாலயங்களில் பாடப்படும் பாடல்களைக் கவனித்துக் கேட்டால், அவற்றில் பலவற்றின் பல்லவி வேதாகமத்திலுள்ள சங்கீதப் புத்தகத்தின் ஏதோ ஒரு வசனத்திலிருந்து எழுந்தது என்பது தெரியவரும். மேய்ப்பனைப் பாடும் 23, பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் 121, செய்த உபகாரங்களை மறவாதே என்று ஆத்துமாவுக்குச் சொல்லும் 103 ஆகியவை கீர்த்தனையாகவும், கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் ஏற்ற புதிய பாட்டாகவும் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. இப்படி எழுதுகிறவர் ஒரு சங்கீதத்தில் எதை எடுத்துக்கொள்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதே இந்த வீடியோவின் பொருள். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று அழைக்கும் அதே நூலைத்தான் இங்கே சங்கீதம் என்கிறோம்.

[திரையில்: சங்கீதப் புத்தகத்தின் ஐந்து பகுதிகள்]

சங்கீதங்கள் 150. அவை ஐந்து பகுதிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் தாவீதே பாடினார் என்று பலர் எண்ணினாலும், தலைப்பில் தாவீதின் பெயர் இருப்பவை 73 மட்டுமே. 12 சங்கீதங்கள் ஆசாபின் பெயரிலும், வேறு சில கோராகின் புத்திரரின் பெயரிலும், 90ஆம் சங்கீதம் மோசேயின் பெயரிலும் உள்ளன. ஆசாப், உடன்படிக்கைப் பெட்டியின் முன்பாகக் கைத்தாளம் கொட்டிப் பாடும்படி நியமிக்கப்பட்டவர். அதாவது, இன்று நம் சபைகளில் பாடகர் குழுவை நடத்துகிறவர் செய்யும் வேலையைச் செய்தவர். பாட்டு எழுதுவதும் பாட்டை நடத்துவதும் தொடக்கத்திலிருந்தே ஒரே கையில் இருந்திருக்கின்றன என்பதை நம் ஊர்ப் பாடகர் குழுக்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எபிரேயக் கவிதை எதுகையையோ மோனையையோ நம்பி நிற்பதில்லை. ஒரு வசனம் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக வரும். முதற்பாதி சொன்னதை இரண்டாம் பாதி வேறு விதமாகத் திரும்பச் சொல்லும், அல்லது எதிர்நிலையில் வைக்கும், அல்லது ஓர் அடி முன்னே கொண்டுபோகும். இந்த இணைநடையை ராபர்ட் லோத் என்ற ஆங்கிலேய அறிஞர் 1753இல் வெளியான தம் நூலில் முறையாக விளக்கினார். தமிழில் பாட்டு எழுதுகிறவருக்கு இது கைகொடுக்கும் அமைப்பு: முதற்பாதியைத் தலைமைப் பாடகரும் இரண்டாம் பாதியைச் சபையும் பாடலாம். எதுகைக்காகச் சொல்லைத் தேடித் தேடி இந்த இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் கலந்துவிடும்போது சங்கீதத்தின் நடை போய்விடுகிறது.

பல்லவியும் சங்கீதத்துக்குப் புதியதன்று. 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பது 26 வசனங்களிலும் வருகிறது. 42, 43ஆம் சங்கீதங்களில் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி மூன்று முறை திரும்புகிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு முன் சொல்லப்பட்ட துன்பம் வேறாக இருப்பதால், அதே வரி வேறு கனத்தோடு கேட்கிறது. நல்ல பல்லவிக்கு இலக்கணம் இதுவே என்று சொல்வேன்.

[திரையில்: வரைபடம், விட்டன்பர்க், ஜெனீவா, கிருஷ்ணகிரி]

சங்கீதத்தை மக்கள் மொழியில் பாட்டாக்கும் முயற்சி ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் வேகம் பிடித்தது. ஜெர்மனியின் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1523இன் இறுதியில் தம் நண்பர் ஸ்பாலட்டினுக்கு எழுதிய கடிதத்தில், சங்கீதங்களை ஜெர்மன் பாடல்களாக்கித் தரும்படி கேட்டார். அரசவையில் வழங்கும் புதுச் சொற்களைத் தவிர்த்து, எளிய மக்களுக்குப் புரியும் சொற்களால், ஆனால் சங்கீதத்தின் பொருளுக்கு நெருக்கமாக எழுத வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அவரே 130ஆம் சங்கீதத்தைப் பாட்டாக்கினார். பின்னர் 46ஆம் சங்கீதத்தைத் தழுவி, தேவனை அரணாகப் பாடும் புகழ்பெற்ற பாடலையும் எழுதினார். ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வினின் தூண்டுதலால் கிளமென்ட் மாரோவும் தியோடர் பேசாவும் 150 சங்கீதங்களையும் பிரெஞ்சுச் செய்யுளாக்கி 1562இல் நிறைவு செய்தார்கள். அங்கே மூலத்தை விட்டு விலகாமை முதன்மையாக இருந்தது. இங்கிலாந்தில் ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட தொகுப்போ இதற்கு நேர்மாறானது: தாவீது கிறிஸ்துவுக்குப் பின் வாழ்ந்திருந்தால் எப்படிப் பாடியிருப்பார் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டதால், 98ஆம் சங்கீதம் இன்று உலகமெங்கும் கிறிஸ்துமஸ் பாட்டாக ஒலிக்கிறது.

இந்த வரலாறு நம் ஊருக்கு அந்நியமானது அன்று. அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் சபை அனுப்பிய மிஷனரிகள் 1895இல் தங்கள் பணியைக் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கினார்கள். லூத்தரன் மிஷனரிகள் சென்ற இடமெல்லாம் ஜெர்மன் மெட்டுகளும் உடன் சென்றன. தமிழில் அந்த மெட்டுகளுக்கு ஏற்ற ஞானப்பாட்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் காலத்தில் தொடங்கிய அந்த வேலையை, சென்னையில் பணியாற்றிய பெப்ரீசியுஸ் 18ஆம் நூற்றாண்டில் பெரிதாக வளர்த்தார். மறுபுறம், தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரையிலான தம் நீண்ட வாழ்நாளில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பையும் குறவஞ்சி போன்ற தமிழ் வடிவங்களையும் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் உறுதியாக நிலைநிறுத்தினார். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடப்படுவது தமிழ்ச் சபைகளின் தனிச் செல்வம்.

கத்தோலிக்கரிடையே நிலை சற்று வேறு. 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தத்துக்குப் பின், திருப்பலியில் முதல் வாசகத்தை அடுத்துப் பதிலுரைப் பாடல் மக்களின் மொழியில் வருகிறது. ஒருவர் சங்கீத வரிகளைப் பாட, மக்கள் பல்லவியால் பதில் தருகிறார்கள். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தின் பங்குகளிலும் வழக்கம் இதுவே. இந்த இடத்தில் சங்கீதத்தைத் தழுவிய வேறு பாட்டை வைக்கத் திருச்சபை விதி இடம் தருவதில்லை. ஆகவே மெட்டு அமைப்பவர் வாசக நூலின் சொற்களுக்கே இசை தேட வேண்டும். சொந்தமாக எழுதியதைக் காணிக்கை வேளையிலோ நற்கருணை வழங்கும் வேளையிலோ பாடலாம். இந்தக் கட்டுப்பாடு மெட்டு அமைப்பவருக்குச் சுமையாகத் தோன்றலாம். ஆனால் வசதியான வசனத்தை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கத்துக்கு இது ஓரளவு அணை போடுகிறது.

[திரையில்: 13ஆம் சங்கீதம், ஆறு வசனங்களும்]

அந்தப் பழக்கத்தைப் பற்றியே முக்கியமாகச் சொல்ல வேண்டியுள்ளது. சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை முறையீடுகள். நோய், பொய்ச்சாட்சி, பகைவர், கைவிடப்பட்ட நிலை ஆகியவற்றைத் தேவனிடமே கொண்டுபோய்க் கேள்வி கேட்கும் பாடல்கள் அவை. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, இரண்டே வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டு, ஆறாம் வசனத்தில் "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. இதைப் பாட்டாக்குகிறவர் கடைசி வசனத்தை மட்டும் எடுத்துத் துள்ளல் தாளத்தில் அமைத்தால், எதைக் கடந்து அந்த மனிதர் பாட வந்தார் என்பது சபைக்குத் தெரியாமலே போய்விடும். முதல் இரண்டு வசனங்களைச் சோகத்துக்கு உரிய முகாரி ராகத்தில் மெதுவாக அமைத்து, வேண்டுதலில் நடையைச் சற்றே கூட்டி, இறுதி வசனத்தில் மட்டும் ராகத்தை மாற்றினால், சங்கீதம் சென்ற வழியே பாட்டும் செல்லும். ஒரே பாட்டில் பல ராகங்களைத் தொடுக்கும் ராகமாலிகை தெரிந்த மரபுக்கு இது கடினமான வேலை அன்று.

இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான 126ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு வசனங்களே உள்ளன. "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்" என்ற ஐந்தாம் வசனத்தைத்தான் பாடல்கள் விரும்பி எடுக்கின்றன. அதற்கு முந்திய வசனம் ஒரு மன்றாட்டு: "கர்த்தாவே, தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல, எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்." யூதேயாவின் தெற்கே உள்ள வறண்ட நிலத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஓடைகள் வெறும் மணலாகக் கிடக்கும், மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும். சாமையும் கேழ்வரகும் வானத்தை நம்பி விதைக்கப்படும் தருமபுரி மாவட்டத்தில், வறண்ட ஓடையின் அருகே நின்று மழையை எதிர்பார்த்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு உரை எழுதித் தர வேண்டியதில்லை. ஆறாம் வசனத்தில் விதையைச் சுமக்கிறவன் அழுதுகொண்டே போகிறான். வீட்டில் தானியம் குறைந்திருக்கும் காலத்தில், உண்ண எடுக்கக்கூடியதை மண்ணில் தூவ நேர்ந்தவனின் அழுகையாக அதைப் படிக்கலாம். மழை பொய்த்து, வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள், அறுவடை வசனத்தை மட்டும் பாடச் சொல்லப்படும்போது, தங்கள் பாதிக் கதையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது.

எனவே இந்தச் சங்கீதத்துக்குப் பல்லவியாக ஐந்தாம் வசனத்தை வைக்காமல் நான்காம் வசனத்தை வைத்துப் பார்க்கும்படி, பாட்டு எழுதும் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பாடகர் குழு இளைஞர்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் சரணத்தில், முதல் மூன்று வசனங்கள் சொல்லும் பழைய விடுதலையின் நினைவு, அதன்பின் மன்றாட்டு. அடுத்த சரணத்தில் விதைக்கிறவனின் நடை. மீண்டும் அதே மன்றாட்டு. அறுத்த அரிகளைச் சுமந்து வரும் இறுதி வரிக்குப் பின் பல்லவிக்குத் திரும்பாமல் நிறுத்திவிடலாம். ஏனென்றால் சங்கீதமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

பாடும் காலத்தையும் யோசிக்கலாம். அறுப்பின் பண்டிகைக்கும் பொங்கல் திருப்பலிக்கும் பாடல்கள் உண்டு. ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் நாட்களுக்கென்று சபையில் பாட்டு அரிது. விதைப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை விதைக் கேழ்வரகைப் பீடத்தின் முன் வைத்து, 126ஆம் சங்கீதத்தை முழுமையாகப் பாடும் ஓர் ஆராதனைக்கு நம் சபைகளில் இடம் இருக்கிறது. அதற்கான பாட்டை இந்த மண்ணில் விதைக்கிறவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொற்களிலேயே எழுதலாம்.