முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

வணக்கம் வானொலி நேயர்களே.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் ஒன்பது வருடம் மனுப் பிரிவில் இருந்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு என்று மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். அந்தக் கட்டுக்குள் அடிக்கடி இப்படியும் ஒன்று இருக்கும்: 'வெளிநாடு போன என் மகனைப் பற்றித் தகவல் இல்லை. மீட்டுத் தர வேண்டுகிறேன்.' கீழே ஒரு கைநாட்டு. மூலையில் ஸ்டேப்ளர் அடித்த சின்னப் போட்டோ. அவ்வளவுதான்.

"எந்த நாடும்மா?" என்று கேட்டால் "துபாய்" என்பார்கள். விசாரித்துக்கொண்டே போனால் அது கத்தாராக இருக்கும், ஓமனாக இருக்கும். எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு அரபு நாடு எல்லாமே துபாய்தான். "பாஸ்போர்ட் நம்பர்?" என்று கேட்டால், "அது அவன்கிட்டல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் முன்னால் பேச ஒத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் நம் ஆள் சிக்கிக்கொண்டால் அரசாங்கம் உதவுமா? உதவும். அது தர்மம் இல்லை, உங்களுக்கு உள்ள உரிமை. ஆனால் அந்த உதவி உங்கள் வீட்டில் இருக்கிற ஒரு காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இரண்டுக்கும் ஒரு நகல். இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அட்டையைத் திறந்ததும் உள்ளே ஒரு வாசகம் இருக்கும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் நாம் யாரும் படிப்பதில்லை. அதன் பொருளைத் தமிழில் சொல்கிறேன். 'இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போக விடுங்கள். அவருக்குத் தேவைப்படும் எல்லா உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள்' என்று இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் உலகத்தில் உள்ள எல்லோரையும் கேட்டுக்கொள்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற பையன் கையிலும் அந்த வாசகம்தான். மருமகளைப் பார்க்கப் போகிற மாமியார் கையிலும் அதேதான். பின்பக்கத்தில் இன்னொன்று எழுதியிருக்கும்: பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து. அதாவது முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ள அது அவருடைய பொருள் இல்லை.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் நானும் அக்காவும் ஒரு குழுவோடு மலேசியா போனோம். தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த மாசி மாதம். பத்துமலையில் 272 படி. அக்காவுக்கு மூட்டுவலி, இருந்தாலும் 'முருகா முருகா' என்று ஏறிவிட்டாள். இறங்கி வந்து ஒரு கடையில் இளநீர் குடித்தோம், டாக்சி பிடித்து ஹோட்டலுக்கு வந்தோம். அறை வாசலில் நின்று அக்கா கையை விரித்தாள். "ஏண்டி, பையை நீயா வச்சிருக்க?" கைப்பை இல்லை. இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் அதற்குள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

எங்களைக் கூட்டிப்போன நிறுவனத்து ஆள், "காலையில நாங்க பினாங்கு போயிடுவோம், நீங்க தூதரகத்துல பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறுபது வயது தாண்டிய இரண்டு பெண்களைத் தெரியாத ஊரில் விட்டுவிட்டு அப்படிப் போயிருக்கக் கூடாது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் ஒன்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதை அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்: முதலில் போலீஸ் ரிப்போர்ட். எந்த நாடாக இருந்தாலும் அதுதான் முதல் படி. அது இல்லாமல் தூதரகத்தில் அடுத்த காகிதம் நகராது.

காவல் நிலையத்தில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருவர் இருந்தார். அங்கே தமிழ்ப் பத்திரிகைகளில் பாஸ்போர்ட்டைக் 'கடப்பிதழ்' என்று எழுதுகிறார்கள். எல்லையைக் கடக்க உதவும் இதழ், எவ்வளவு அழகான சொல்! அவர் கேட்ட முதல் கேள்வி, "நம்பர் இருக்காம்மா?" என்னிடம் இருந்தது. பெட்டியில், மடித்த சேலைக்குள், இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டுக்கும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் மூன்றுக்கும் நகல். கிளம்பும்போது அக்கா, "இதெல்லாம் எதுக்குடி சுமக்கிற?" என்று கேட்டவள்தான். இப்போது அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மாதிரியான காமன்வெல்த் நாடுகளில் நம் தூதரகத்தின் பெயர் ஹை கமிஷன். 'இந்தியன் எம்பசி' என்று கேட்டு யாராவது 'அப்படி ஒன்றும் இல்லை' என்றால் மலைத்துப் போகாதீர்கள். வேலை ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் வரிசையில் நின்றோம். விண்ணப்பம், போட்டோ, போலீஸ் ரிப்போர்ட், நகல். பாஸ்போர்ட் தொலைந்து, உடனே ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் என்று ஒன்று கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் பையன்கள் அதை 'அவுட் பாஸ்' என்பார்கள். இந்தியாவுக்குத் திரும்ப ஒரு வழிக்கு மட்டும் செல்லும். அதைக் கொடுப்பதற்கு முன்னால், நாம் இந்தியர்தான், இன்னார்தான் என்று அவர்கள் உறுதி செய்தாக வேண்டும். நம்பர் கையில் இருந்தால் பதிவைத் தேடி எடுப்பது சுலபம். இல்லாவிட்டால் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேட வேண்டும். அக்கா பெயரில், அதே தகப்பன் பெயரோடு, நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்!

அந்த பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வயது இருக்கும், சிவகங்கைப் பக்கம். சாப்பாட்டுக் கடை வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாராம், விசாவும் முடிந்துவிட்டது, சம்பளமும் பாக்கி. மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான். என் கையில் இருந்த நகலைப் பார்த்து, "அக்கா, இத எங்க எடுத்தீங்க?" என்று கேட்டான். "ஊரில், கிளம்புவதற்கு முன்னால்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு மனது கேட்கவில்லை. அவனுடைய போனிலிருந்தே அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். "தாயி, ஏஜென்ட் குடுத்த காகிதம் ஏதாவது இருக்கா? டிக்கெட், விசா, ஏதாவது?" "ஒண்ணும் இல்லையே தாயி" என்றார். மனுப் பிரிவில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும், நம் வீடுகளில் முக்கியமான காகிதம் எங்கே ஒளிந்திருக்கும் என்று. "டிரங்குப் பெட்டி இருக்கா? அடியில விரிச்ச பேப்பரைத் தூக்கிப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாலா மடிச்சு ஒண்ணு இருக்கு தாயி, இங்கிலீசுல இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை அதைப் போட்டோ எடுத்து அனுப்பியது. விசா நகல். அதில் பாஸ்போர்ட் நம்பர் இருந்தது! அந்தப் பையன் எழுந்து கவுன்டருக்கு நடந்துபோன நடையே வேறு.

பார்த்தீர்களா நேயர்களே, அரசாங்கமும் அங்கேதான் இருந்தது, அந்தப் பையனும் அங்கேதான் இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு நம்பர்தான்.

எங்கள் கதை அதோடு முடியவில்லை. சர்டிபிகேட் கிடைத்தாலும், நாட்டுக்குள் வந்த முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டில் அல்லவா இருக்கிறது? அதனால் புத்ராஜெயாவில் உள்ள குடிநுழைவு அலுவலகத்தில், அதாவது இமிகிரேஷன் ஆபீசில், வெளியேறும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. விமான டிக்கெட்டை மாற்றினோம், தம்பி பணம் அனுப்பினான். வியாழக்கிழமை இரவு திருச்சியில் இறங்கினோம்.

தூதரகத்தில் எங்களுக்கு ஹோட்டல் பணம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் தவறாக எதிர்பார்த்துப் போய் மனம் உடைகிறார்கள். சாதாரணச் சுற்றுலாப் பயணியின் ஆஸ்பத்திரிச் செலவைத் தூதரகம் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். அதற்குத்தான் பயண இன்சூரன்ஸ். ஜெயிலில் இருப்பவரை அவர்களால் வெளியே கூட்டி வர முடியாது, அந்த நாட்டுக் கோர்ட்டில் தலையிடவும் முடியாது. அந்த ஊர்ச் சட்டம் அந்த ஊர்ச் சட்டம்தான்.

நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றுகிற கசகசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. மகளுக்கு மசாலா கட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு அது தெரிவதில்லை. யாரோ கொடுக்கிற பார்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளே இருப்பது தெரியாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஆனால் கைதாகிவிட்டால்? அப்போது ஒரு உரிமை இருக்கிறது. 1963-ல் வியன்னாவில் நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் 36-வது பிரிவின்படி, வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்தால், 'உன் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம்' என்று அவரிடம் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தகவல் சொல்லியாக வேண்டும். தூதரக அதிகாரி ஜெயிலுக்கு வந்து பார்க்கலாம், பேசலாம், வக்கீல் வைக்க ஏற்பாடு செய்யலாம். பாகிஸ்தான் கைது செய்த இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில், அந்த நாடு இந்தப் பிரிவை மீறிவிட்டது என்றுதான் 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் ராமேஸ்வரம் மீனவர்கள் இலங்கையில் பிடிபடும்போது யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்காரர்கள் போய்ப் பார்க்கிறார்களே, அதுவும் இதே வழக்கம்தான். அதனால் வெளிநாடு போகிற பிள்ளைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: 'நான் இந்தியன், என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்.' புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும்.

கூட்டம் கூட்டமாகச் சிக்கிய காலங்களும் உண்டு. 1990-ல் குவைத் போரின்போது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் கூட்டி வந்தார்கள். 2015-ல் ஏமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டார்கள். கூடவே 41 நாடுகளைச் சேர்ந்தவர்களையும் நம் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிக்கொண்டார்கள். கொரோனா காலத்தில் ஈரானில் மாட்டியிருந்த நம் மீனவர்கள் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார்கள். இதில் எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது 2018 ஜூலை. கைலாச யாத்திரை போனவர்கள் நேபாளத்தில் சிமிகோட், ஹில்சா என்ற இடங்களில் மழையால் விமானம் பறக்க முடியாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். அப்போது காட்மாண்டுவில் நம் தூதரகம் வைத்த உதவி எண்களில் தமிழ் பேசவும் ஆள் போட்டிருந்தார்கள். பயத்தில் இருக்கிற வயதானவருக்குத் தன் மொழியில் 'ஐயா, சொல்லுங்க' என்று ஒரு குரல் கேட்பது எத்தனை பெரிய ஆறுதல்! அந்த ஏற்பாடு ஆபத்துக் காலத்துக்கு மட்டும் என்று இல்லாமல், நம் மக்கள் அதிகம் போகிற ஊர்களில் எல்லாம் எப்போதும் இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான். வெளிநாட்டில் ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உடல் ஊருக்கு வர, அந்த நாட்டு இறப்புச் சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், இங்கிருந்து வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். கடிதத்தை எழுதுவதற்குள் வீட்டில் சண்டை வந்து நாள் கடந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். செலவுக்கு உண்மையிலேயே வழியில்லாதவர்களுக்கு, 2009-ல் தொடங்கிய இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. வசதி பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஆனால் கேளுங்கள். அடுத்து, 2015-லிருந்து 'மதத்' என்று வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளம் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களே புகார் பதியலாம். படித்த பிள்ளையை உட்கார வைத்துப் பதியச் சொல்லுங்கள், பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசும் இருக்கிறது. ஒன்றைச் செய்தால் இன்னொன்று கூடாது என்பதில்லை, எல்லாவற்றையும் செய்யுங்கள்.

மனுவில் நாட்டின் பெயர், ஊர், வேலை செய்யும் இடம், பாஸ்போர்ட் நம்பர் எழுதுங்கள். உங்கள் போன் நம்பரையும் மறக்காமல் எழுதுங்கள். டெல்லியிலிருந்து பதில் வந்தும், சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் நானே இரண்டு பஸ் மாறி ஒரு ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பையன் உயிரோடு இருக்கிறான் என்ற சேதி பதினேழு நாளாக என் மேசையில் கிடந்தது.

நேரம் முடிந்துவிட்டது. முதல் பக்கம், கடைசிப் பக்கம். வணக்கம்.