மூன்று எட்டு மூன்று

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில், 2010ஆம் ஆண்டில் இருக்கிற சாதாரண வீடு. அந்த வீட்டுப் பிள்ளை ஜெர்மனியில் கட்டட வேலை பார்க்கிறான். அப்பாவிடம் பேச வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தால், அவன் முதலில் அழுத்த வேண்டிய எண் 381. அது செர்பியாவின் குறியீடு. தம்பியின் செல்பேசிக்கு 377. அது மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் மொனாக்கோவின் குறியீடு. தங்கை வேறு நிறுவனத்தின் சிம் கார்டு வைத்திருந்தால் 386, அதாவது ஸ்லோவேனியா. ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடும் மூன்று பேர், தொலைபேசிக் கணக்கில் மூன்று நாட்டுக்காரர்கள்.

நான் முப்பது ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவன். டிரங்க் கால் காலத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக இணைப்புக் கொடுத்த எனக்கு, நாட்டுக் குறியீடு என்பது சுவரில் ஒட்டியிருந்த பட்டியல், அவ்வளவுதான். கொசோவோவின் கதையைப் படித்த பிறகுதான் அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடைப்பதற்காக ஒரு மக்கள் கூட்டம் எவ்வளவு காத்திருக்கக்கூடும் என்று புரிந்தது.

கொசோவோ சிறிய நாடு. பரப்பு 11,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்கள் தொகை இன்று சுமார் 16 லட்சம். பழைய யூகோஸ்லாவியாவிலேயே மிக ஏழ்மையான பகுதி அதுதான். செர்பியாவுக்குள் இருந்த அதன் தன்னாட்சியை 1989இல் செர்பியா பறித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அல்பேனிய மொழி பேசுவோர் அரசு வேலைகளிலிருந்து பெருமளவில் நீக்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தனியார் வீடுகளில் நடந்த வகுப்புகளில் படித்தார்கள்.

இணையம் அங்கே நுழைந்த வழியை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1991இல் யூகோஸ்லாவியா உடைந்து போர் தொடங்கியபோது செர்பியாவுக்கும் குரோவேஷியாவுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு அறுந்தது. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இருப்பவர் குரோவேஷியத் தலைநகர் ஜாக்ரெபில் இருக்கும் நண்பரை அழைக்க முடியாது. ஆனால் இரண்டு ஊர்களிலிருந்தும் ஜெர்மனியை அழைக்கலாம்! சமாதான இயக்கத்தினர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. கடிதங்கள் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துக்குப் போய், அங்கிருந்து எதிரி நாட்டு நண்பரிடம் திரும்பி வந்தன. அந்த வலையமைப்புக்கு ஸாமிர் என்று பெயர். ‘சமாதானத்துக்காக’ என்று பொருள். பிரிஷ்டினாவிலும் அதற்கு ஒரு கண்ணி இருந்தது. பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்ப்பதற்கு முன்பே, ஒருவரோடொருவர் பேசியே தீர வேண்டும் என்று நினைத்த சில மனிதர்கள் அந்தக் கம்பியைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

பிறகு 1999. கொசோவோவில் செர்பியப் படைகளால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு அல்பேனியாவுக்கும் மாசிடோனியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் துரத்தப்பட்டார்கள். செர்பியாவுக்கு எதிராக நேட்டோ விமானங்கள் போட்ட குண்டுகளில் பிரிஷ்டினாவின் தொலைபேசி நிலையமும் நொறுங்கியது. எல்லை முகாம்களில் கூடியிருந்தவர்கள் சோற்றையும் போர்வையையும் கேட்டார்கள்; கூடவே ஒரு துண்டுக் காகிதத்தையும் நீட்டினார்கள். அதில் ஒரு தொலைபேசி எண். “இந்த எண்ணுக்கு அழைத்து நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல முடியுமா?” இப்படிக் காகிதம் நீட்டிய அகதிகளைப் பல போர்முனைகளில் பார்த்துத்தான் பிரான்சில் ‘எல்லைகளற்ற தொலைத்தொடர்பு’ என்ற தொண்டு அமைப்பு 1998இல் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் தொலைபேசியோடு அகதிகளிடம் போய், குடும்பத்துக்கு மூன்று நிமிடம் இலவசமாகப் பேசக் கொடுத்தார்கள். எத்தனையோ ஆயிரம் அழைப்புகளை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று நிமிடங்களுக்கு இணையாக ஒன்றையும் என்னால் நினைக்க முடியவில்லை.

போர் ஓய்ந்த அதே ஆண்டில், உள்ளூர் இளைஞர்கள் சிலரும் வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்கள் சிலரும் சேர்ந்து, செயற்கைக்கோள் டிஷ் ஒன்றை நிறுவி இப்கோ என்ற இணையச் சேவையைத் தொடங்கினார்கள். காசு கொடுக்கக்கூடிய சர்வதேச அமைப்புகளிடம் கட்டணம் வாங்கி, பல்கலைக்கழகம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு இலவசமாக இணைப்புக் கொடுக்கிற ஏற்பாடு. தொடங்கியவர்களில் ஒருவரான அகான் இஸ்மாயிலி பின்னாளில் அமெரிக்காவுக்குக் கொசோவோவின் தூதரானார்.

செல்பேசி 2000இல் வந்தது. போருக்குப் பிறகு ஐ.நா. நிர்வாகத்தில் இருந்த கொசோவோவுக்குச் சொந்தக் குறியீடு கிடையாது. அஞ்சல் தந்தித் துறையின் செல்பேசிச் சேவைக்கு மொனாக்கோவின் எண்ணை வாடகைக்கு எடுத்தார்கள். இப்கோவை ஸ்லோவேனிய நிறுவனம் வாங்கியபோது, அதன் செல்பேசிக்கு ஸ்லோவேனியாவின் எண். 2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோ சுதந்திரத்தை அறிவித்தது. கொடி வந்தது, கீதம் வந்தது. எண் மட்டும் இரவலாகவே இருந்தது. போரில் நொடிந்த நாடு, தன் மக்கள் பேசிக்கொள்வதற்காக, உலகின் செல்வச் சீமான்கள் குடியிருக்கும் மொனாக்கோவுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டியது. எனக்கு இது இன்றும் ஆறாத கோபம்.

சொந்த எண்ணுக்காகச் செர்பியாவோடு பேச்சுவார்த்தை பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2013இல் கொள்கை அளவில் ஒப்பந்தம், 2015 ஆகஸ்டில் செயல்திட்டம். எந்த நாட்டின் பெயரில் எண் கேட்பது என்பதிலேயே இழுபறி. கொசோவோவோ, நாட்டுக் குறியீடுகளை ஒதுக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல. கடைசியில் 2016 டிசம்பரில் அந்த ஒன்றியம் 383ஐ ஒதுக்கியது. 38 என்பது பழைய யூகோஸ்லாவியாவின் குறியீடு. நாடு உடைந்தபோது 381, 385, 386, 387, 389 என்று பிரித்துக்கொண்டார்கள். 2006இல் மாண்டினீக்ரோவுக்கு 382. அந்த வரிசையில் பத்து ஆண்டுகள் கழித்துக் கொசோவோவுக்கு ஓர் இடம்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. கொசோவோவில் செர்பிய மொழி பேசுவோரும் வாழ்கிறார்கள். பெல்கிரேடின் சேவையையே அவர்கள் நம்பியிருந்தார்கள். 2010இல் அந்த நிறுவனங்களுக்கு உரிமம் இல்லை என்று சொல்லிக் கோபுரக் கருவிகளைக் கழற்றினார்கள். சிற்றூர்களில் இருந்த முதியவர்களால் ஒரு டாக்டரைக்கூட அழைக்க முடியவில்லை. தொடர்பு அறுபடும் வலியை நன்றாக அறிந்த நாடு இன்னொருவருக்கு அதைக் கொடுத்தது. செயல்திட்டத்தின் பயனாக அந்தச் சேவைக்கும் பிறகு கொசோவோவில் உரிமம் கிடைத்தது.

இன்று நூறு வீடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் இணையம் இருக்கிறது. விடுபட்ட மலைக் கிராமங்களுக்கு அகன்ற அலைவரிசை கொண்டுபோக 2018இல் உலக வங்கி கடன் ஒப்புதல் அளித்தது. இவ்வளவு வேகம் எப்படி வந்தது? ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உறவினர் இல்லாத குடும்பத்தை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். தவிர, 2024 ஜனவரி வரை கொசோவோ இளைஞர்கள் விசா இல்லாமல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. அவர்களுக்குத் திறந்திருந்த ஒரே எல்லை கணினித் திரைதான். 2021 ஜூலையிலிருந்து மேற்கு பால்கன் நாடுகளுக்குள் ரோமிங் கட்டணமும் கிடையாது. பிரிஷ்டினாவின் சிம் கார்டு பெல்கிரேடில் உள்ளூர்க் கட்டணத்தில் பேசுகிறது. ஒரு காலத்தில் பீலெஃபெல்டைச் சுற்றிக் கடிதம் போன அதே நிலத்தில்!

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இணைய முகவரிகளில் நாடுகளுக்கென்று தனி எழுத்துகள் உண்டு. கொசோவோவுக்கு இல்லை. சர்வதேச நாட்டுப் பட்டியலில் அதன் பெயர் ஏறாததால் அந்த எழுத்துகளும் ஒதுக்கப்படவில்லை. பிரிஷ்டினாவில் இருக்கும் ஓர் அமைச்சகத்துக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுதினால், அந்த முகவரி இன்றும் வெறும் ‘.நெட்’ என்றுதான் முடியும்.