குன்றோரம் கிடக்குற கல்வட்டம்: உள்ளே என்ன, காப்பாத்துறது யாரு?

[காட்சி: செங்கல்பட்டு பக்கம் ஒரு குன்றடிவாரம். வேலிக்காத்தான் புதர்.]

இந்தக் கல்லுங்களைக் கொஞ்சம் கவனிங்க. பாதி மண்ணுல புதைஞ்ச குண்டுக்கல்லுங்க, வட்டமா நிக்குது. நடுவுல சின்னக் கல்லா கொட்டின மேடு. ஆடு மேய்க்கிறவங்க உட்கார்ந்து வெத்தலை போடுற இடம் இது. ஆனா இது 2,000 வருஷத்துக்கும் முந்தின ஒரு கல்லறை. குன்னத்தூர், சானூர், சிறுதாவூர்னு இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கு.

[வரைபடம்: குறுக்குவெட்டு]

முதல்ல குழி. அதுல தாழி, இல்லன்னா கால் வச்ச சுடுமண் பேழை. 1950-கள்ல சானூர்ல தொல்லியல் துறை தோண்டினப்போ அப்படிப்பட்ட பேழைங்க வெளிய வந்துச்சு. பல குழிகள்ல முழு உடம்பு இருக்காது. சதை போன பிறகு பொறுக்கின எலும்பு மட்டும்தான். பக்கத்துல இரும்புக் கருவி, கருப்பு சிவப்புப் பானை. கவிழ்த்து வச்சுச் சுட்டா காத்துப் படாத வாயும் உள்பக்கமும் கருத்துப்போகும், வெளிப்பக்கம் சிவக்கும். ஒரே பானையில ரெண்டு நிறம் வந்தது அப்படித்தான்.

புதையல்னு நம்பி ராத்திரியில தோண்டுறவங்களுக்குக் கடைசியில மிஞ்சுறது பானை ஓடு. அதை வீசிட்டுப் போயிடுறாங்க. எந்த எலும்புக்குப் பக்கத்துல எந்தப் பானை, எவ்வளவு ஆழத்துலங்கிறதுதான் ஆய்வாளருக்கு வேணும். ஒரு தடவை கலைச்சுட்டா அதைத் திரும்ப அடுக்க முடியாது. என்னைக் கேட்டா, ராத்திரியில தோண்டுறவங்களை விட ஜேசிபிதான் பெரிய ஆபத்து. மனை போடுறப்போ ஒரு மத்தியானத்துல பத்து வட்டம் காணாமப் போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

[காட்சி: நீலப் பெயர்ப்பலகை]

சட்டம் இல்லாம இல்ல. 1958 மத்தியச் சட்டம் ஈமமேட்டையும் புதைகுழியையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கு. 2010 திருத்தத்துக்குப் பிறகு, சுத்தி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணும். சேதப்படுத்தினா 2 வருஷம் வரை சிறை, இல்ல 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் கூட. ஆனா இதெல்லாம் அரசு அறிவிச்ச இடத்துக்குத்தான். 1966-ல வந்த மாநிலச் சட்டத்துலயும் அறிவிப்பு இருந்தாதான் பாதுகாப்பு. பட்டியல்ல ஏறாத கல்வட்டம், வருவாய்க் கணக்குல வெறும் தரிசு, கல்லாங்குத்து. அவ்வளவுதான்.

உங்க ஊர்ல இப்படி ஒண்ணு கண்ணுல பட்டா, கல்லை நகர்த்தாதீங்க, பானை ஓடுங்களைப் பொறுக்காதீங்க. போட்டோ எடுத்து, சர்வே எண்ணோட விஏஓ கிட்டயும் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுங்க. லொகேஷனை மட்டும் ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்க. கடப்பாரையோட வர்றவங்களும் அதைப் பார்ப்பாங்க.